இசைத்தட்டுகள் இருக்கும் வீட்டில் நாயையும் வைத்துக்கொள்ள முடியுமா?

கேள்வி (ஏற்காட்டிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். காப்பித் தோட்டத்துக்கு நடுவே இருக்கும் எங்கள் பழைய வீட்டில், அப்பா விட்டுச்சென்ற இசைத்தட்டுகள் ஏறத்தாழ 600 இருக்கின்றன. நாற்பது ஐம்பது தட்டுகள் நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய அரக்குத் தட்டுகள், மற்றவை எல்.பி. எனப்படும் பெரிய வினைல் தட்டுகளும் 45 சுற்றுத் தட்டுகளும். மாடர்ன் தியேட்டர்ஸ் படப் பாடல்களை மட்டும் அப்பா தனி அடுக்கில் வைத்திருந்தார். சேலத்துக்கு இறங்கும்போதெல்லாம் ஏற்காடு சாலையில் இன்றும் நிற்கும் அந்த ஸ்டுடியோவின் நுழைவு வளைவைக் காட்டி, அதற்குள் உருவான பாடல்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வருவார். அந்த அடுக்கு எனக்கு அவரேதான்.

மூன்று மாதங்களுக்கு முன் ஒரு மழை இரவில் கருப்பு நாட்டு நாய்க்குட்டி ஒன்று எங்கள் திண்ணையில் வந்து ஒடுங்கியது. மிளகு என்று பெயர் வைத்தோம். இப்போது அதற்கு ஐந்து மாதம் இருக்கலாம். இந்தக் குளிரில் அதை வெளியே படுக்கவைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் தட்டுகள் இருக்கும் கூடம்தான் வீட்டிலேயே வெதுவெதுப்பான இடம். சென்ற வாரம் கீழ் அடுக்கில் இருந்த இரண்டு அட்டை உறைகளின் மூலைகளைக் கடித்துக் கூழாக்கிவிட்டது. பல் தடம் தட்டின் விளிம்புக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றிருந்தது. ஊசியின் நுனியில் முடி சுற்றிக்கொள்கிறது. அது குறுக்கே ஓடினால் ஊசி குதித்துவிடுகிறது.

நாயின் முடி தட்டுகளைக் கெடுத்துவிடுமா? பாட்டுச் சத்தம் அதன் காதுக்குத் தொல்லையா? அட்டையை அரிக்கும் ராமபாணப் பூச்சிக்காக அடுக்குக்கு மூன்று வீதம் பாச்சை உருண்டைகளைத் துணியில் முடிந்து வைத்திருக்கிறேன் என்பதால் பூச்சித் தொல்லை இல்லை; நாயைப் பற்றித்தான் கவலை. இரண்டில் எதையும் விட்டுக்கொடுக்க என்னால் முடியாது. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (அஸ்தம்பட்டி, சேலம்)

வணக்கம் அம்மா. ஒன்பது ஆண்டுகளாக ஒரு லேப்ரடாருடனும் முந்நூறு எல்.பி.க்களுடனும் வாழ்கிறேன். முடியைப் பற்றி நீங்கள் அஞ்சும் அளவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. எல்.பி.யில் ஊசி ஓடும் பள்ளமான வரி மிக நுண்ணியது. நாயின் முடி அதற்குள் இறங்காமல் மேலேயே கிடந்து, தட்டு சுழலும்போது ஊசியில் போய்ச் சேரும். ஒலி மங்குவது அதனால்தான். வரிக்குள் இறங்குவது முடியோடு உதிரும் பொடுகும் தூசியும். ஒவ்வொரு முறையும் தட்டைச் சுழலவிட்டுக் கார்பன் இழைத் தூரிகையை மெல்ல வைத்து எடுங்கள். ஊசியைச் சிறு தூரிகையால் பின்னிருந்து முன்னோக்கி மட்டுமே துடையுங்கள். பக்கவாட்டில் தேய்த்தால் ஊசியைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். கேட்டு முடித்த தட்டை உடனே உறைக்குள் வைத்துவிடுவதும், பிளேயரின் மூடியை மூடிவிடுவதும் பாதிப் பாதுகாப்பு. உங்கள் மிளகு நாட்டு நாய் என்பதால் முடி குட்டையாகத்தான் இருக்கும். என் லேப்ரடார் உதிர்ப்பதில் கால் பங்கு இருந்தாலே அதிகம்.

எனக்கு நேர்ந்த இழப்பு முடியால் வந்ததன்று. சித்திரை வெயிலில் என் நாய் மொசைக் தரையில் குளிர்ச்சி தேடி அலமாரியின் அடியில் படுக்கும். ஒருநாள் மணியோசை கேட்டு அது துள்ளி எழுந்தபோது, சுவரோடு பிணைக்காத அலமாரி முன்னால் சாய்ந்தது. உறையோடு சேர்ந்த நூறு எல்.பி.க்கள் 25 கிலோ அளவுக்கு வரும். நாய் தப்பியது, பதினோரு தட்டுகள் தப்பவில்லை. ஆகவே முதலில் அலமாரியை இரும்புப் பட்டை கொண்டு சுவரில் இறுக்குங்கள். மழையில் நனைந்து வந்து உடம்பை உதறும்போது சேற்றுத்துளி ஓர் ஆள் தூரம் தெறிக்கும் என்பதால், வாசலிலேயே கோணிச்சாக்கில் துவட்டிய பின்புதான் உள்ளே விட வேண்டும். உங்கள் ஊரில் மழைக்காலத்தில் கால்விரல் இடுக்குகளில் அட்டைப்பூச்சியும் இருக்கும். அதையும் அங்கேயே பார்த்துவிடலாம்.

மறுமொழி 2 (வாழப்பாடி)

அம்மா, மற்றவற்றை அப்புறம் பார்க்கலாம். இதைப் படித்த உடனே எழுந்து போய் அந்தப் பாச்சை உருண்டைகளை எல்லா அடுக்குகளிலிருந்தும் எடுத்துவிடுங்கள். கால்நடை மருந்தகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். பழைய வகை உருண்டை நாப்தலீனால் ஆனது. நாய் அதை விழுங்கினால் சிவப்பணுக்கள் சிதையும். சிறு குட்டிக்கு ஓர் உருண்டையே உயிருக்கு ஆபத்தாக முடியலாம். வாந்தி, சோர்வு, ஈறு வெளுத்துப்போதல், சிறுநீர் கருஞ்சிவப்பாக இறங்குதல் ஆகியவை அறிகுறிகள். சில வேளைகளில் இவை ஓரிரு நாள் கழித்தே தெரியும் என்பதால் நாய் நன்றாக இருக்கிறது என்று நாம் ஏமாந்துவிடுவோம். வீட்டில் உப்புநீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்க முயலாதீர்கள். நீங்கள் 20 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி மருத்துவரிடம் வர வேண்டியவர். அந்த நேரத்தை வீணாக்காமல், உருண்டை வந்த பொட்டலத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு புறப்பட வேண்டும்.

இந்தக் குட்டி ஏற்கெனவே கீழ் அடுக்கைக் கடித்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நான்காம் மாதத்திலிருந்து ஏழாம் மாதம் வரை பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும். ஈறு நமநமக்கும்போது எது கிடைத்தாலும் கடிக்கும். அதைக் குற்றமாக எண்ணாமல், கடிப்பதற்கென்று கெட்டியான ரப்பர்ப் பொருள் ஒன்றைக் கொடுத்துவிட்டு, கீழ் அடுக்கை ஓராண்டுக்குக் காலியாக விட்டுவிடுவதே சரி. ஆண் குட்டியானால் வளர்ந்த பின் காலைத் தூக்கும் உயரமும் அந்த அடுக்குதான். ராமபாணம் ஈரத்தை நாடி வரும் பூச்சி. அடுக்குகளை வெயிலுள்ள நாட்களில் திறந்து காற்றாட விட்டு, உலர்ந்த வேப்பிலையைத் துணியில் கட்டி மேல் அடுக்கில் வைத்தால் போதும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளையும் நாய்க்கு எட்டாமல் வையுங்கள். நீல நிறத் துகள்களில் கோபால்ட் உப்பு சேர்ந்திருக்கும்.

சத்தத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நம் காது நொடிக்கு 20,000 அதிர்வு வரை கேட்கும் என்றால் நாயின் காது 45,000 வரை கேட்கும். நாம் பேசிக்கொண்டே கேட்கும் அளவில் பாட்டு வைத்து, அதன் படுக்கையை ஒலிபெருக்கியிலிருந்து தள்ளிப் போட்டு, எழுந்து வெளியே போகக் கதவைத் திறந்து வைத்தால் அதுவே தனக்கு வேண்டிய இடத்தைத் தேர்ந்துகொள்ளும்.

மறுமொழி 3 (செவ்வாய்ப்பேட்டை, சேலம்)

ரெக்கார்டு பிளேயர் பழுதுபார்ப்பவன் நான். ஊசி குதிப்பதற்குக் காரணம் உங்கள் தளம் என்று நினைக்கிறேன். மலைவீடுகள் சிலவற்றில் பலகைத் தளம் உண்டு. ஊசியைத் தாங்கும் நீண்ட கை இயல்பாக நொடிக்குப் பத்து முறை அளவில் ஆடக்கூடியது; பலகையின் ஆட்டமும் அதற்கு அருகிலேயே வருவதால் ஒன்று மற்றொன்றைத் தூண்டிவிடும். குதிக்காமல் இருக்க ஊசித்தலையின் மேல் காசு வைக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை ஒருபோதும் செய்யாதீர்கள். இன்றைய ஊசிகள் பல 2 கிராம் அழுத்தத்தில் ஓட வேண்டியவை. ஒரு ரூபாய் நாணயமே 3 கிராமுக்கு மேல் இருக்கும். அந்தக் கூடுதல் எடை வரிகளை அரைத்துவிடும். பிளேயரை மேசையிலிருந்து எடுத்துச் சுவரில் பொருத்திய பலகைக்கு மாற்றிவிட்டால் குட்டி எவ்வளவு ஓடினாலும் பாட்டு நிற்காது.

இன்னொன்று: நாய் நக்கிய தட்டைத் துடைக்கச் சிலர் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் சேர்ந்த நீர்மத்தைப் பயன்படுத்துவார்கள். அப்பாவின் 78 சுற்றுத் தட்டுகளில் அது ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. அரக்கு ஆல்கஹாலில் கரைந்துவிடும். காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த மென்துணியால் ஒற்றி எடுத்து, லேபிளை ஈரமாக்காமல், உடனே உலர்த்திவிடுங்கள்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. வாழப்பாடி ஐயா எழுதியதைப் படித்ததும் கை நடுங்கிப்போய்க் கூடத்துக்கு ஓடினேன். கீழ் அடுக்கின் மூலையில் இருந்த துணி முடிச்சை எடுத்துப் பார்த்தால், ஒரு பக்கம் எச்சில் காய்ந்து மொரமொரப்பாக இருந்தது. நூல் இரண்டு இடங்களில் அறுந்திருந்தது. முடிச்சை அவிழ்த்து மூன்று முறை எண்ணினேன். மூன்று உருண்டைகளும் இருந்தன. எல்லாவற்றையும் எடுத்து, மூடி இறுக்கிய டப்பாவில் போட்டு வெளிக்கொட்டகைப் பரணில் வைத்துவிட்டேன். மிளகின் ஈற்றைப் பார்த்தேன், சிவப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நாளைக் காலை சேலத்துக்கு அழைத்துப் போய்க் காட்டப்போகிறோம்.

மாடர்ன் தியேட்டர்ஸ் அடுக்கை மேலே மாற்றிவிட்டேன். செவ்வாய்ப்பேட்டை ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும்: எங்கள் சுவர் பழைய கருங்கல்லும் சுண்ணாம்பும் கலந்து கட்டியது. திருகாணி பிடிக்குமா?

மறுமொழி 3

கல்லில் பிடிக்கும், சுண்ணாம்புக் கலவையில் பிடிக்காது. சுவரைத் தட்டிப் பார்த்துக் கல் இருக்கும் இடத்தில் மட்டும் துளையிட்டு, நான்கு அங்குல இரும்பு ஆங்கர் போல்ட் போடச் சொல்லுங்கள். பலகை இடுப்பு உயரத்துக்கு மேலே இருக்கட்டும். குட்டி இன்னும் வளரும்.