வேடந்தாங்கல் ஏரியும் அதன் பாசன வயலும்: மாணவர்களை அழைத்துச் சென்றவர்களின் அனுபவங்கள்

செங்கல்பட்டு மாவட்ட அறிவியல் ஆசிரியை எழுதியது:

எங்கள் நடுநிலைப் பள்ளியின் ஏழாம் வகுப்பு மாணவர்கள் 42 பேரைக் கடந்த சனவரி இறுதியில் வேடந்தாங்கலுக்கு அழைத்துச் சென்று வந்தோம். இது எங்களுடைய இரண்டாவது பயணம். முதல் பயணத்தில் நாங்கள் செய்த தவறுகளைச் சொன்னால்தான் இரண்டாவதை ஏன் இப்படித் திட்டமிட்டோம் என்பது விளங்கும்.

முதல் முறை, வன உயிரின வாரம் என்பதற்காக அக்டோபர் முதல் வாரத்தைத் தேர்ந்தெடுத்தோம். வடகிழக்குப் பருவமழை இன்னும் தொடங்கவில்லை. ஏரியில் தண்ணீர் குறைவு. மரங்களில் கூடுகளே இல்லை. போதாக்குறைக்கு அதே நாளில் வேறு இரண்டு இடங்களையும் சேர்த்திருந்ததால், நண்பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் ஏரிக்கரையில் கால் வைத்தோம். பிள்ளைகள் வெயிலில் வாடி, தண்ணீர்ப் பாட்டில் விற்கும் கடையைத் தேடினார்களே தவிர, ஒருவரும் ஏரியைப் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல நாளைக் கொடுக்கத் தவறிவிட்டோமே என்ற வருத்தம் எனக்கு நெடுநாள் இருந்தது.

இந்த முறை நான் இரண்டு தடவை தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகே தேதியைக் குறித்தேன். மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில் நவம்பரில் பறவைகள் வரத் தொடங்கி, சனவரியில் கூடுகளில் குஞ்சுகள் இருக்கும். அதே சமயத்தில் ஏரியின் பாசன வயல்களில் சம்பா நெல் முற்றி அறுவடைக்கு நிற்கும். சரணாலயத்தையும் வயலையும் ஒரே பாடமாகக் காட்ட வேண்டுமானால் இந்தச் சில வாரங்களை விட்டால் வேறு காலம் இல்லை. சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ள வேடந்தாங்கல் முதலில் ஒரு பாசன ஏரி என்பதையும், பறவைகள் காப்பாற்றப்பட்டதற்கு உழவர்களே காரணம் என்பதையும் பெரும்பாலான பள்ளிப் பயணங்கள் சொல்லாமலே திரும்பிவிடுகின்றன என்பது என் ஆதங்கம்.

காலை ஏழு மணிக்குக் கரையில் நின்று அந்தக் கதையைத்தான் முதலில் சொன்னேன். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே பறவைகளைச் சுட்டபோது ஊரார் முறையிட்டார்கள் என்பதையும், அன்றைய செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸ் 1798 ஆம் ஆண்டில் பறவைகளைக் காக்கும் உரிமையை ஏற்று ஊராருக்குக் கவுல் (அரசு தரும் உறுதிப் பத்திரம்) எழுதிக் கொடுத்தார் என்பதையும், அது 1858 இல் மீண்டும் உறுதி செய்யப்பட்டது என்பதையும் கேட்ட ஒரு மாணவி, “அப்போ சரணாலயம்னு சட்டம் வர்றதுக்கு முன்னாடியே ஊர்க்காரங்க காப்பாத்தியிருக்காங்களா, டீச்சர்?” என்று கேட்டாள். ஆமாம், பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகப் போகிறது, அதனால்தான் காப்பாற்றினார்கள் என்று அவளுக்கு விடையாகச் சொன்னேன்.

மாணவர்களை ஆறு பேர் கொண்ட ஏழு குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு தொலைநோக்கி கொடுத்திருந்தோம். எல்லாப் பறவைகளின் பெயரையும் மனப்பாடம் செய்யச் சொல்லாமல், ஒவ்வொரு குழுவும் ஒரே ஒரு கூட்டை அரைமணி நேரம் பார்த்து எழுத வேண்டும் என்று மட்டும் சொன்னோம். நீர்க்கடம்பு மரத்தின் மேல் கூழைக்கடா ஒன்று வாயை அகலத் திறக்க, குஞ்சு தன் தலையை முழுவதுமாக அதன் தொண்டைப் பைக்குள் விட்டு மீனை எடுத்ததைக் கண்ட குழு, தங்கள் முறை முடிந்த பிறகும் தொலைநோக்கியைத் தர மறுத்துவிட்டது.

அதன் பிறகு, முன்கூட்டியே பேசி அனுமதி வாங்கியிருந்த ஒரு பெரியவரின் வயலுக்கு நடந்தோம். வரப்பின் மேல் நத்தை ஓடுகள் கிடந்தன. பெரும்பாலானவை உடையாமல் முழுதாக இருந்தன. உள்ளே சதை மட்டும் இல்லை. ஒருவன் ஓடு ஒன்றைக் காதில் வைத்துப் பார்த்தான். இன்னொருவன், “யாரு தின்னது?” என்று கேட்டான். பெரியவர் பதில் சொல்லாமல், அறுத்து முடித்த பக்கத்து வயலின் ஈரத்தில் நின்ற நத்தைகுத்தி நாரையைக் கையால் சுட்டினார். அதன் அலகை மூடினாலும் நடுவே ஓர் இடைவெளி தெரிவதைத் தொலைநோக்கியில் பார்த்த பிறகு, அந்த நத்தை ஓடுகளை ஆளுக்கொருவராக வாங்கி விரலால் தடவிப் பார்த்தார்கள். அன்று நான் நடத்திய பாடங்களில் எதுவும் இதற்கு ஈடாகாது.

பத்தரை மணிக்கெல்லாம் பேருந்தில் ஏறிவிட்டோம். வேறெங்கும் போகவில்லை.

கோயம்புத்தூர் ஆசிரியர் எழுதியது:

சகோதரி, தங்கள் பதிவு எங்கள் அனுபவத்தோடு மிகவும் ஒத்துப்போகிறது. நாங்கள் காலையில் சிங்காநல்லூர்க் குளத்தையும், பிறகு வேளாண் பல்கலைக்கழகப் பண்ணையையும் பார்த்தோம். 1868 இல் சென்னை சைதாப்பேட்டையில் வேளாண் பள்ளியாகத் தொடங்கி 1906 இல் கோவைக்கு மாறிய கல்விக்கூடத்தின் பண்ணை அது. அங்கே 1909 ஆம் ஆண்டு முதல் இன்றுவரை, ஒரு பாத்திக்குத் தொழு உரம், ஒன்றுக்கு இரசாயன உரம், ஒன்றுக்கு எந்த உரமும் இல்லை என்று மாற்றாமல் நடத்தி வரும் சோதனை வயல் இருக்கிறது. எந்த உரமும் இடாத பாத்தியின் மக்காச்சோளத்தையும், தொழு உரப் பாத்தியின் மக்காச்சோளத்தையும் அருகருகே பார்த்த எங்கள் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், தன் தாத்தாவின் அப்பா காலத்திலிருந்தே இந்தப் பாத்திக்குச் சோறு போடவில்லையா என்று கேட்டான். முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி பெறுங்கள். விளக்கிச் சொல்லும் ஒருவர் உடன் இல்லையென்றால் அது பிள்ளைகள் கண்ணுக்கு வெறும் சோளக்காடாகத்தான் தெரியும்.

சிவகங்கை மாவட்டத்திலிருந்து ஒரு பெற்றோர்:

எங்கள் பக்கத்து வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. என் மகள் பள்ளிப் பயணம் போய்வந்தபோது பறவைகளைப் பற்றிப் பேசியதைவிட, அந்த ஊர்ப் பிள்ளைகளோடு பேசியதைப் பற்றித்தான் அதிகம் சொன்னாள். ஊர்ப் பிள்ளைகளைச் சந்திப்பதற்கும் திட்டத்தில் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். வயலில் பிள்ளைகளை இறக்குவது பாதுகாப்பானதா என்பதையும் ஆசிரியை விளக்கினால் உதவியாக இருக்கும்.

செங்கல்பட்டு ஆசிரியையின் பதில்:

தங்கள் கேள்வி நியாயமானது. அந்த வாரத்தில் பூச்சிமருந்து அடித்திருக்கிறார்களா என்று வயலுக்கு உரியவரிடம் முதல் நாள் மாலையே தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொண்டேன். அடித்திருந்தால் வயலை விட்டுவிட்டுக் கரையோடு திரும்புவதாகவே முடிவு. பாம்புக்காக எல்லோரும் ஷூ அணிந்து, பெரியவர் முன்னால் தடியைத் தட்டிக்கொண்டு நடக்க, ஒற்றை வரிசையில் வரப்பின் மேல் மட்டுமே சென்றோம். ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் ஆசிரியரோ பெற்றோரோ பொறுப்பாக இருந்தார். பேருந்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் பெயர் சொல்லி ஆள் கணக்கு எடுத்தோம். கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதை முன்கூட்டியே போய்ப் பார்த்து வைப்பது, பெண் பிள்ளைகள் இருக்கும் எந்தப் பயணத்திலும் முதல் வேலையாக இருக்க வேண்டும். ஊர்ப் பிள்ளைகளைச் சந்திக்க வைப்பது எனக்குத் தோன்றவே இல்லை. அடுத்த சனவரிக்குள் வேடந்தாங்கல் ஊர்ப் பள்ளியின் தலைமையாசிரியரை நேரில் பார்த்துப் பேசிவிடுகிறேன்.