எழுந்து நிற்காத மகளும் நீலக் கோப்பும்

செந்தூல் அம்மா

மூன்று மாதமாகிவிட்டது, இன்னும் உறுத்துகிறது. இந்தக் குழுவில் எழுதினாலாவது ஆறுமா என்று பார்க்கிறேன்.

மகள் இடைநிலைப் பள்ளியில் படிவம் 2. அன்று நண்பகலில் வகுப்பாசிரியையிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. ஆசிரியர் உள்ளே வரும்போது உங்கள் மகள் எழுந்து வணக்கம் சொல்வதில்லை, இன்று மூன்று பாடவேளையிலும் இதே கதை, கண்டித்து வையுங்கள் என்று. மரியாதைக் குறைவு என்றால் எனக்குத் தலைக்கேறிவிடும். காரில் ஏறியதுமே ஆரம்பித்துவிட்டேன். ஜாலான் ஈப்போ நெரிசலில் கார் ஊர்ந்தது, என் வாய் மட்டும் ஓடியது. யாருடன் சேர்ந்து இப்படிக் கெட்டுப்போகிறாய், கைபேசியைப் பிடுங்கி வைத்துவிடுவேன், உன் தாத்தா இருந்திருந்தால் பிரம்புதான் பேசியிருக்கும். அவள் வாயே திறக்கவில்லை. சிவப்பு விளக்கில் நின்றபோது திரும்பிப் பார்த்தேன். வரலாற்றுப் பாடத்துக்கு வாங்கிக் கொடுத்த நீல பிளாஸ்டிக் கோப்பை விரித்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள், பள்ளிப்பை மடியில், அசையாமல்.

"அது எதற்கு?"

"சீட்டில் பட்டுவிடும், அம்மா."

காலை பத்து மணிக்கே மாதவிடாய் ரத்தம் பினஃபோரில், அதாவது பள்ளிச் சீருடையில், பட்டுவிட்டதாம். அந்த இளநீலத்தில் ஒரு துளி விழுந்தாலும் தெரியும் என்பது உங்களுக்கே தெரியும். ஓய்வு நேரத்திலும் எழவில்லை, சிற்றுண்டிச் சாலைக்குப் போகவில்லை, எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பிய பிறகுதான் கோப்பைப் பின்னால் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். நாற்பது பேர் முன்னால் எழுந்து நிற்பதற்குத் திட்டு வாங்குவதே மேல் என்று அவளே முடிவு செய்திருக்கிறாள், பதினான்கு வயதில்.

அதைக் கேட்டதும் நான் முதலில் என்ன கேட்டேன் தெரியுமா? "பையன்கள் யாராவது பார்த்தார்களா?" சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை.

தண்ணீர்மலைக்காரி

என் கதையையும் சொல்கிறேன். பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலில் தைப்பூசம், ஏற 513 படி. மகளுக்குப் பதினைந்து வயது, பால்குடம் நேர்ந்துகொண்டாள். தேதியெல்லாம் கணக்குப் போட்டுத்தான் வைத்தோம். வயதுக்கு வந்த முதல் சில வருடங்களில் 21 நாளிலும் வரும், 45 நாளுக்கும் தள்ளும், காலண்டர் அதற்குக் கட்டுப்படாது என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை.

பாதிப் படிக்கு மேலே ஏறியிருப்போம். "அம்மா" என்றாள். அவ்வளவுதான், ஆனால் குரலிலேயே புரிந்துவிட்டது. மஞ்சள் புடவை. தலையில் குடம், இரண்டு கையும் மேலே, முந்தானையை இழுத்து மறைக்கக்கூட அவளால் முடியாது. பின்னால் பார்த்தால் மனிதத் தலைகள். இறங்குவதா, ஏறுவதா, தீட்டா, நேர்த்திக்கடனா என்று என் மூளை அப்படியே நின்றுவிட்டது. எங்களுக்குப் பின்னால் வந்த ஒரு கிழவி, யார் எவர் என்று தெரியாது, தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் இடுப்பைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டார். போட்டுவிட்டு, "பால் சிந்தாமல் நட, தாயி" என்றார். நடந்தோம்.

இன்றுவரை என் கணவருக்குத் தெரியாது.

அறுபத்தெட்டு

யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். தண்ணீர்மலைக்காரி இறங்கியிருக்க வேண்டும். முருகன் அடுத்த வருடமும் அங்கேதான் இருப்பார். நாங்கள் ரப்பர் தோட்டத்தில் லயத்து (தொழிலாளர் வரிசை) வீட்டில் வளர்ந்தவர்கள். மூன்று நாள் பின்கட்டில் தனிப் பாய், தனித் தட்டு. பழைய சேலையைக் கிழித்து மடித்துக் கட்டிக்கொண்டு பால்மரம் சீவப் போவார் என் அம்மா. ஒரு நாள் மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்) முன்னால் நின்றபோது சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். மழையே இல்லை. ஏன் சாக்கு என்று மண்டோர் கேட்டார். என் அம்மா பதில் சொல்லாமல் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது ஏழு வயது, நானும் அதையேதான் கேட்டேன்.

ஆனாலும் கோயில் விஷயம் வேறு.

தண்ணீர்மலைக்காரி

பாட்டி, துண்டு கொடுத்தவருக்கும் உங்கள் வயதுதான் இருக்கும். அவருக்குத் தெரியாத தீட்டா?

இரவு வேலை அப்பா

ஆண்கள் எழுதலாமா தெரியவில்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். மனைவிக்கும் ஷிஃப்ட் வேலை. அன்று அவள் இரவு வேலை, நான் வீட்டில். பதினோரு மணிக்கு மகளின் அறைக் கதவுக்குள்ளிருந்து, "அப்பா, பேட் தீர்ந்துவிட்டது" என்று குரல்.

இருபத்து நான்கு மணி நேரக் கடைக்கு ஓடினேன். துவாலா வனிதா (மலாயில் மாதவிடாய் பேட்) என்று எழுதிய தட்டின் முன்னால் நின்றால் தலை சுற்றுகிறது. 24 சென்டிமீட்டர், 28, 35, 42, இறக்கை வைத்தது, வைக்காதது, பகல், இரவு. நான் தினமும் மைக்ரோமீட்டரில் அளந்து கையெழுத்துப் போடுகிற ஆள். மெல்லியதாக, சின்னதாக, வாசனையாக ஒன்று இருந்தது. பெண் குழந்தைக்கு இதுதான் சரி என்று எடுத்துக்கொண்டேன். கவுன்டரில் நின்ற மலாய்ப் பையன் காகிதப் பையில் சுற்றிக் கொடுத்தான், ஏதோ நான் தவறு செய்ததுபோல.

கதவுக்கு அடியில் தள்ளினேன். ஒரு நிமிடம் கழித்து அதே வழியாகத் திரும்பி வந்தது. "அப்பா, இது பேன்டி லைனர். பீரியடுக்குத் தாங்காது."

மறுபடியும் போனேன். அதே பையன். இம்முறை ஒவ்வோர் அளவிலும் ஒன்றாக ஐந்து பாக்கெட் எடுத்தேன். அவன், "அங்கிள், என் அக்காள் தூங்கும்போது 42 தான் போடுவாள்" என்றான். மலாயில் சொன்னான், முகத்தைப் பார்க்காமல் ஸ்கேன் செய்துகொண்டே. அவன் சொன்னதுதான் சரி. மல்லாந்து படுத்தால் கசிவு பின்பக்கமாகத்தானே போகும், நீளம் பின்னால் வேண்டும். இத்தனைக்கும் அவனுக்குப் பத்தொன்பது வயதுகூட இருக்காது, எனக்கு நாற்பத்தாறு.

மூன்று பெண் பெற்றவள்

என் கதை சின்னது. மூத்தவளின் பள்ளிப் பாவாடையில் பட்டிருந்ததைப் பார்த்து அவசரத்தில் கொதிநீரை ஊற்றிவிட்டேன். பழுப்பாகப் பதிந்து அந்த வருடம் முழுவதும் போகவில்லை. அதைப் பார்த்தாலே அவள் அழுவாள்.

அதனால்தான் சொல்கிறேன், வெந்நீர் வேண்டவே வேண்டாம். ரத்தத்தில் இருக்கும் புரதம் சூட்டில் முட்டை வெந்ததுபோல் இறுகி நூலைப் பிடித்துக்கொள்ளும். குழாயைத் திறந்து, கறையின் மறுபுறத்திலிருந்து தண்ணீர் விழும்படி துணியைத் திருப்பிப் பிடியுங்கள், உள்ளே புகுந்தது வந்த வழியே வெளியேறும். பிறகு சாதாரணக் கட்டி சோப்பைத் தேய்த்து அரை மணி நேரம் குளிர்ந்த நீரில் ஊறவிடுங்கள். காய்ந்துபோன கறை என்றால் என்சைம் கலந்த சலவைத்தூளில் இரவு முழுக்க ஊறட்டும். வெள்ளைச் சட்டைக்கு மருந்தகத்தில் கிடைக்கும் 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு மூடி போதும், நுரைத்துக்கொண்டு வெளியே வரும். இளநீலப் பாவாடைக்கு அதை ஊற்றுமுன் உள்மடிப்பில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். குளோரின் வெளுப்பானை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள், கறை போகும், கூடவே நீலமும் போகும், பாவாடையில் நிலா மாதிரி ஒரு வட்டம் நிற்கும். கறை முழுசாகப் போனதா என்று பார்க்காமல் உலர்த்தி இயந்திரத்தில் போடாதீர்கள், இஸ்திரியும் போடாதீர்கள். இப்போது துவைத்துப் போடும் பீரியட் உள்ளாடை வந்திருக்கிறதே, அதற்குத் துணி மிருதுவாக்கி ஊற்றினால் உறிஞ்சுவது குறைந்துவிடும். கோலாலம்பூர் மழைக்கு அது ஒரு நாளில் காயவும் காயாது, மூன்று நான்காவது வாங்குங்கள். உள்ளாடை தொளதொள என்று இருந்தால் எந்த பேட்டும் நகரத்தான் செய்யும். செந்தூல் அம்மா, பையில் ஒரு மாற்றுப் பாவாடை வைத்திருந்தால் இது நடந்தே இருக்காது.

முன்னாள் மாணவர் தலைவி

மேலே எழுதிய அக்காவுக்கு. மாற்றுப் பாவாடை இருந்தாலும் எங்கே போய் மாற்றுவது? என் பள்ளியில் கழிப்பறை ஓய்வு நேரம் தவிர்த்துப் பூட்டியே இருக்கும். திறந்திருந்தால் தாழ்ப்பாள் இருக்காது. தாழ்ப்பாள் இருந்தால் குப்பைத்தொட்டி இருக்காது. வகுப்புக்கு ஒரே ஓர் அனுமதி அட்டை, அது எப்போதும் பையன்கள் கையில். சோப்பு என்பது கட்டுரையில் எழுதும் சொல். மாற்றுப் பாவாடை ஏன் வைக்கவில்லை என்று கேட்கிறீர்களே, எழுந்து வெளியே போகும் வழி இருந்ததா என்று யாருமே கேட்கவில்லை.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். நான் மாணவர் தலைவியானது தலைமைத்துவப் பண்பினால் அல்ல. எங்கள் பள்ளியில் மாணவர் தலைவர்களுக்குக் கருநீலப் பாவாடை. நேர்காணலில் ஏன் இந்தப் பொறுப்பை விரும்புகிறாய் என்று கேட்டார்கள். நாட்டுக்குச் சேவை, ஒழுக்கம் என்று மலாயில் ஐந்து நிமிடம் பொழிந்தேன். மனதுக்குள் கருநீலம், கருநீலம் என்று மட்டும் ஓடியது. எனக்குப் பக்கத்தில் காத்திருந்த சீனத் தோழியும் அதற்குத்தான் வந்தாள் என்பது படிவம் 5 முடிந்த அன்றுதான் தெரிந்தது.

ஓய்வுபெற்ற தாதி

மறைப்பது, துவைப்பது, நிறம், கோயில் எல்லாம் வந்துவிட்டது. எத்தனை பேட் நனைகிறது என்று ஒருவரும் எண்ணவில்லையே.

என் தங்கை மகள். படிவம் 1-க்கு முந்தைய புகுமுக வகுப்பிலிருந்தே பட்டுவிடும், பட்டுவிடும் என்பாள். முதல் இரண்டு வருடம் அப்படித்தான் இருக்கும் என்று சொன்னவள் வேறு யாருமல்ல, நான்தான், முப்பது வருடம் வார்டில் நின்றவள். படிவம் 4-இல் ஓட்டப் பயிற்சியில் மயங்கி விழுந்தாள். மருத்துவமனையில் அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். உள்ளே சிவப்பு என்பதே இல்லை, மீன் வயிறு மாதிரி வெள்ளை. எத்தனை குழந்தைகளுக்கு அந்த இமையை இழுத்துப் பார்த்திருக்கிறேன், இவளுக்குப் பார்க்கத் தோன்றவில்லை.

ஒரு மாதவிடாயில் 80 மில்லிக்கு மேல் போனால் அதிகம் என்பது மருத்துவக் கணக்கு, வீட்டில் யார் அளப்பது? மணிக்கு ஒரு பேட் தொப்பலாகி அது சில மணி நேரம் தொடர்ந்தால், ஏழு நாளைத் தாண்டினால், ஐம்பது சென் நாணயத்தைவிடப் பெரிய ரத்தக் கட்டிகள் விழுந்தால், கிளினிக்குக் கூட்டிப்போங்கள். அரசாங்க கிளினிக்கில் ஒரு ரிங்கிட்தான். பல் பிடுங்கினால் ரத்தம் நிற்காதா, மூக்கில் அடிக்கடி ரத்தம் வருமா, அம்மாவுக்குப் பிரசவத்தில் அதிகம் போனதா என்று கேட்பார்கள், உண்மையைச் சொல்லுங்கள். வயதுக்கு வந்த நாள் முதலே கொட்டுகிற பெண்களில் சிலருக்கு வான் வில்லிபிராண்டு என்ற ரத்த உறைவுக் குறை இருக்கும். தங்கை மகளுக்கு அதுதான். இன்னொன்று, ரத்த அணு சின்னதாக இருக்கிறது என்றதும் தலசீமியா (பரம்பரை ரத்தக் குறை) மரபுதான் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். படிவம் 4 பிள்ளைகளுக்கு 2016 முதல் பள்ளியிலேயே அந்தப் பரிசோதனை நடக்கிறது. இரும்புச்சத்துக் குறைந்தாலும் அணு சின்னதாகத்தான் தெரியும். உடம்பில் சேமித்திருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இரும்பு மாத்திரையை தே தாரிக்குடன் விழுங்க வைக்காதீர்கள், தேநீர் அதை உடம்பில் சேரவிடாது.

அந்த அப்பாவுக்கு ஒரு வார்த்தை. உங்கள் மகள் கதவுக்குள்ளிருந்தாவது கேட்டாளே.

செந்தூல் அம்மா

தாதி அக்கா எழுதியதைப் படித்துவிட்டு எண்ணச் சொன்னேன். பகலில் நான்கைந்து பேட், ஆறாம் நாளில் நின்றுவிடுகிறது. சரி.

ஆசிரியையைப் போய்ப் பார்த்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அவரும் பெண்தான். காரணத்தைச் சொன்னதும் மேசைமேல் இருந்த சிவப்புப் பேனாவை மூடினார், திறந்தார். "அவள் என்னிடம் சொல்லியிருக்கலாமே" என்றார். என்னிடமே சொல்லவில்லை என்றேன். இப்போது அவருடைய இழுப்பறையில் ஒரு பாக்கெட் இருக்கிறதாம், மகள்தான் வந்து சொன்னாள்.

மகளிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று இரண்டு தடவை வாயெடுத்தேன், வேறு ஏதோ பேசிவிட்டேன். அந்த நீலக் கோப்பு இன்னும் காரின் முன்சீட்டுக்குப் பின்னால் உள்ள பையில் செருகியபடி இருக்கிறது. நேற்று எடுத்து வீசப் போனேன்.

"இருக்கட்டும், அம்மா. உங்களுக்கும் போன மாதம் பட்டதே" என்றாள்.

எனக்கு நாற்பத்தெட்டு. தேதி எனக்கும் இப்போது தாறுமாறுதான். அவள் பார்த்திருக்கிறாள், என்னிடம் கேட்கவில்லை.

பிறை மருமகள்

அந்தத் துவைத்துப் போடும் உள்ளாடை பினாங்கில் கடையில் கிடைக்குமா, இணையத்தில்தான் வாங்க வேண்டுமா? மகளுக்கு இடுப்பு 24 அங்குலம்தான், எல்லாம் பெரிதாக வருகிறது.