குன்னூர் குடும்பம் குழுவில் கார்த்தியின் சிக்கிம் பயணம்

கார்த்தி (காலை 7:12): எல்லோருக்கும் வணக்கம். சிக்கிம் டிக்கெட் உறுதியாகிவிட்டது. ஏப்ரல் 14 கிளம்புகிறோம். காங்டாக், சாங்கு ஏரி, முடிந்தால் நாதுலா கணவாய். பனிமனிதனுக்கு மூக்கு வைக்க திவ்யா இப்போதே ஊட்டி கேரட் எடுத்து வைத்துவிட்டாள்.

செல்வி அத்தை (7:20): நல்லபடியாகப் போய்வாருங்கள் கண்ணு. அவலாஞ்சி வரும் என்று டிவியில் சொன்னார்களே, அது நம் ஊட்டி பக்கத்து அவலாஞ்சியா?

சுதா (7:21): ஐயோ அத்தை! அவர்கள் சொல்வது ‘அவலாஞ்ச்’, ஆங்கிலத்தில் பனிச்சரிவு. ஆனால் நம் அவலாஞ்சிக்கும் பெயர் ஒரு சரிவால் வந்ததுதான். 1800களின் தொடக்கத்தில் அங்கே மலை பெரிதாகச் சரிந்ததாம்.

ராஜன் சித்தப்பா (7:34): ஏப்ரலில் என்ன பயம்? குளிர்தான் முடிந்துவிட்டதே. தலைக்குந்தாவில் டிசம்பர் உறைபனி ஒன்பது மணி வெயிலுக்கே காணாமல் போகிறது.

மோகன் மாமா (8:05): மச்சான், அங்கேதான் தப்பு செய்கிறோம். தலைக்குந்தாவில் புல் நுனியில் படிவது விரல் கனம்கூட இருக்காது. சிக்கிமில் நான் இருந்த பட்டாளத்து முகாமில் ஆள் உயரத்துக்குக் கிடக்கும். அது ஒரே நாளில் உருகி ஓடாது. மேலே உருகிய தண்ணீர் உள்ளே இறங்கும். துகளுக்குத் துகள் இருந்த பிடிப்பு விட்டுப்போகும். அடியில் பாறையோ இறுகிய பழைய பனியோ இருந்தால் தண்ணீர் அதன்மேல் தேங்கி வழுக்கிவிடும், அவ்வளவுதான். ஐப்பசி மழையில் மண் எப்படி இறங்குகிறது? 2009 நவம்பரில் நம் மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் போனார்களே. இங்கே மழை ஊறவைக்கிறது, அங்கே வெயில் ஊறவைக்கிறது.

மோகன் மாமா (8:06): அதோடு ஏப்ரலிலும் அங்கே புதுப் பனி விழும். தொட்டபெட்டா 8,650 அடி, நாதுலா 14,000 அடிக்கு மேல்.

கார்த்தி (8:15): மாமா, ஒரு சந்தேகம். நாதுலா ரோட்டில் சுற்றுலா அனுமதி 13ஆவது மைல் வரைதான் கிடைத்தாலும், கொஞ்சம் தாண்டிக் கூட்டிப்போகிறேன், அங்கே பனி நன்றாக இருக்கும் என்கிறார் வண்டிக்காரர்.

அம்மா (8:15): அவர் நம்பரை எனக்கு அனுப்பு.

மோகன் மாமா (8:22): வேண்டவே வேண்டாம் மாப்பிள்ளை. 2023 ஏப்ரல் 4, இதே ரோடு. அன்றைக்கும் அனுமதி 13ஆவது மைல் வரைதான். சரிவு இறங்கியது 15ஆவது மைலில், நண்பகலை ஒட்டி. சுற்றுலா வந்த 7 பேர் இறந்தார்கள். ஈரப்பனி கொஞ்சம் மெதுவாகத்தான் வரும், ஆனால் எடை அதிகம். நின்றதும் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும், கையை அசைக்க முடியாது. கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்தால்தான் பிழைக்க வழி.

திவ்யா (8:24): படிக்கவே பயமாக இருக்கிறது மாமா 😟

ராஜன் சித்தப்பா (8:26): அப்போ காலையிலேயே போய் வந்துவிட்டால் கவலை இல்லையே?

மோகன் மாமா (8:40): பாதி சரி. நாங்கள் இருட்டோடு கிளம்பி, வெயில் ஏறும் முன்னே திரும்பிவிடுவோம். ராத்திரி வானம் தெளிவாக இருந்தால் பனி கல்லாக இறுகும், விடியலில் நம்பி நடக்கலாம். மேகம் மூடி, ராத்திரி முழுக்க உறையவே இல்லை என்றால் காலை ஆறு மணிக்கும் ஆபத்துதான். கிழக்குப் பார்த்த சரிவில் வெயில் முதலில் விழும், மேற்குச் சரிவுக்கு மதியம். கால் கணுக்காலுக்கு மேல் புதைந்தாலோ, சரிவில் பனி உருண்டைகள் தானாக உருண்டு வந்தாலோ திரும்பிவிடு. முக்கியமாக, செங்குத்தான சரிவுக்குக் கீழே வண்டியை நிறுத்தி செல்ஃபி எடுக்காதே. நீ நிற்கும் இடம் சமமாக இருந்து என்ன, வருவது மேலே இருந்துதானே?

சுதா (8:44): கார்த்தி அண்ணா, சண்டிகரில் டிஆர்டிஓவின் (ராணுவ ஆராய்ச்சி அமைப்பு) டிஜிஆர்இ என்று ஓர் ஆய்வகம் இருக்கிறது. பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுவது அவர்கள்தான். கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.

செல்வி அத்தை (8:45): இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செல்வி அத்தை (8:46): தப்பாக வேறு குழுவுக்குப் போட வேண்டிய வடகம் படம் வந்துவிட்டது.

கார்த்தி (9:30): வண்டிக்காரரிடம் பேசிவிட்டேன். அனுமதி எதுவரையோ அதுவரைதான். காங்டாக்கில் விடியும் முன்னே கிளம்புகிறோம், ரோட்டை மூடினால் கேள்வி கேட்காமல் திரும்புகிறோம். முகம் கொஞ்சம் சுளித்தார், குரலிலேயே தெரிந்தது.

அம்மா (9:31): சுளிக்கட்டும். நம்பர் இன்னும் வரவில்லை.

செல்வி அத்தை (9:33): மோகன் அண்ணா, உங்கள் பட்டாளத்துக் குரங்குக் குல்லாவைக் கார்த்திக்குக் கொடுங்களேன்.

மோகன் மாமா (9:50): அதைப் போன வருஷமே பூச்சி அரித்துவிட்டது.