பேரன் ‘வடிகட்டு’ன்னு எழுதினான், சிவப்பு மையில அடிச்சுட்டாங்க: ரப்பர் பால் சந்தேகம்

தோசைக்கடைப் பாட்டி (சுங்கை சிப்புட்):

எல்லாருக்கும் வணக்கம். கைப்பேசியில பேசித்தான் எழுத வைக்கிறேன், பிழை இருந்தா பொறுத்துக்குங்க.

பேரன் படிவம் 1. தமிழ்ப்பள்ளியில கலவை, சேர்மம்னு படிச்சவன், இப்ப எல்லாமே மலாய்ல. கலவைக்குச் சம்புரான், சேர்மத்துக்குச் செபாத்தியான். ராத்திரி நான் மாவு ஆட்டும்போது பக்கத்துல உட்கார்ந்து சத்தமா மனப்பாடம் பண்ணுவான். எனக்கே பாதி வந்துடுச்சு.

போன வாரம் ஒரு பயிற்சித்தாள். ரப்பர் பால் கலவையா சேர்மமான்னு ஒரு கேள்வி. கலவைன்னு எழுதியிருக்கான், சரி போட்டிருக்காங்க. ஏண்டா கலவைன்னு கேட்டா முழிக்கிறான். அடுத்தது, அந்தப் பால்லேர்ந்து ரப்பரை எப்படிப் பிரிக்கிறதுன்னு. ‘பெனுராசான்’, அதாவது வடிகட்டுறதுன்னு எழுதியிருக்கான். சிவப்பு மையில நீளமா ஒரு கோடு.

கோபம் எனக்குத்தான் வந்துச்சு. ஏன்னா அந்தப் பதிலைச் சொல்லிக் கொடுத்தவளே நான். 1984லேர்ந்து, தோட்டத்துல மரத்தைச் சாய்ச்சு செம்பனை போட்ட வரைக்கும், பால்மரம் வெட்டினவ, அதாவது ரப்பர் மரத்துப் பட்டையைக் கீறிப் பால் எடுத்தவ. வாளியைத் தூக்கிக்கிட்டு ஸ்டோருக்குப் போனா முதல்ல சல்லடைதான். அது வழியா ஊத்தினாத்தான் பாலை எடுத்துக்குவாங்க. அப்புறம் ஆசிட் ஊத்தித் தொட்டியில விடுவாங்க, மறுநாள் கட்டியாயிருக்கும், உருளையில கொடுத்துப் புகைக்கூண்டுல தொங்க விடுவாங்க. இதுல வடிகட்டுறது இல்லைன்னா எப்படி?

இன்னொண்ணும் கேட்டுக்குறேன். இது பேரனுக்கு இல்ல, எனக்கு. ஸ்டோர்ல கிராணி, அதான் கணக்கு எழுதுறவரு, ஒரு மிதவைக் கோலைப் பால்ல விட்டுப் பார்ப்பாரு. ஒருநாள் என் பால்ல அது மேல தூக்கிக்கிட்டு நின்னுச்சு. ‘தண்ணி ஊத்தினியா’ன்னு அத்தனை பேர் முன்னாடி கேட்டு, அன்னைக்குக் கூலியிலயும் பிடிச்சுட்டாங்க. நான் ஒரு சொட்டு ஊத்தலை. எங்க லயத்துல மாடு வச்சிருந்த தாத்தா, பால்ல தண்ணி கலந்தா மிதவை கீழ இறங்கும்னுதான் சொல்வாரு. அப்ப என்னோடது எப்படி மேல ஏறுச்சு? கிராணி என்னை ஏமாத்தினாரா? முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் உறுத்துது.

கோப்பிக்கடைக்காரன்:

இதுக்கு இவ்வளவு யோசனையா பாட்டி? சட்டியில ஊத்திக் கொதிக்க விடுங்க. தண்ணி ஆவியாப் போயிடும், ரப்பர் நிக்கும். முடிஞ்சது லா.

பழைய ஸ்டோர் ஆள் (கோலகங்சார்):

கோப்பிக்கடைத் தம்பி, கொதிக்க விட்டா தண்ணிதான் போகும். பால்ல கரைஞ்சிருக்கிற சர்க்கரை, உப்பு, புரதம் எல்லாம் எங்க போகும்? ரப்பரோட ஒட்டிக்கிட்டுச் சட்டியிலதான் கிடக்கும். சட்டியும் போச்சு.

அக்கா, நான் 20 வருஷத்துக்கு மேல ஸ்டோர்லயும் அப்புறம் ரப்பர் ஆலை ஆய்வுக்கூடத்துலயும் இருந்தவன். உங்க பேரன் பாதி சரி. சல்லடையில என்ன நின்னுச்சுன்னு ஞாபகப்படுத்திப் பாருங்க. மரப்பட்டைத் துணுக்கு, இலை, எறும்பு, மங்குலயே உறைஞ்சுபோன கட்டிப்பால் துண்டு. ரப்பர் நின்னுச்சா? அது தண்ணியோட சேர்ந்து கீழ போயிடுச்சு. அங்க நடந்தது வடிகட்டல்தான், ஆனா பிரிச்சது குப்பையை.

ரப்பர் ஏன் நிக்கலை? அது பால்ல சின்னச் சின்னத் துளியா மிதக்குது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டா ஒரு பங்கு எவ்வளவு, பெரும்பாலான துளி அதைவிடச் சிறுசு. பள்ளிக்கூடத்து வடிதாளோட கண் அதுக்குப் பல மடங்கு பெருசு. சரி, சிறுசாவே இருந்தாலும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் பெருசாகலாமே? விடாது. ஒவ்வொரு துளியைச் சுத்தியும் புரதமும் கொழுப்புப் பொருளும் சேர்ந்த ஒரு தோல் இருக்கு, அதுல எதிர்மின்சுமை. எல்லாத்துக்கும் ஒரே சுமைங்கிறதால ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டே இருக்கும். நீங்க ஆசிட்னு சொல்றது ஃபார்மிக் அமிலம், மலாய்க்காரங்க சுக்கா கெத்தாம்பாங்க, கட்டெறும்பு கடிச்சா எரியுமே அதே வகைச் சரக்கு. தண்ணியில நல்லாக் கலந்துதான் ஊத்துவோம். அது அந்த எதிர்மின்சுமையைக் கொன்னுடும். தள்ளுறது நின்னதும் துளிங்க மோதி, தோல் கிழிஞ்சு, ஒட்டிக் கட்டியாயிடும். உருளை தண்ணியைப் பிழிஞ்சு வெளிய தள்ளும், புகைக்கூண்டு மிச்ச ஈரத்தை எடுக்கும். புகையால பூஞ்சையும் பிடிக்காது.

ஆசிட் ஊத்தாம வச்சாலும் சாயங்காலத்துக்குள்ள பால் தானா உறையுமே, அதுவும் இதே கதைதான். பாக்டீரியா சர்க்கரையைத் தின்னு புளிப்பை விடுது. அதைத் தடுக்கத்தான் அமோனியா. மூக்கைப் பொத்திக்கிட்டு ஊத்துவோமே, மறந்திருக்க மாட்டீங்க.

இப்ப மிதவை. அக்கா, கிராணி அளவுல பொய் சொல்லலை. அது மெட்ரோலாக், பால்ல ரப்பர் எவ்வளவுன்னு காட்டுற மிதவை. மாட்டுப்பால் தண்ணியைவிடக் கனம், ஒரு லிட்டர் 1030 கிராம் கிட்ட நிக்கும். அதுல தண்ணி கலந்தா பால் லேசாகும், மிதவை இறங்கும். தாத்தா சொன்னது சரி. ஆனா ரப்பர் தண்ணியைவிட லேசு, லிட்டருக்குச் சுமார் 920 கிராம்தான். அதனால ரப்பர் பால் தண்ணியைவிடக் கொஞ்சம் லேசா இருக்கும். அதுல தண்ணி சேர்ந்தா கனமாகும், மிதவை ஏறும். அப்படியே தலைகீழ்.

ஆனா அந்த மிதவைக்குத் தெரிஞ்சது ரப்பர் குறைஞ்சிருக்குங்கிறது மட்டும்தான். யார் குறைச்சதுன்னு தெரியாது. மரத்துத் தண்டு வழியா ஓடி வந்த மழையா இருக்கலாம். இடைவெளி விடாம வெட்டின மரத்துல பாலே நீர்த்து வரும். இலை உதிர்ற மாசத்துலயும் அளவு மாறும், மரத்து ரகத்தைப் பொறுத்தும் மாறும். 100 கிராம் பால்ல ரப்பர் 30 கிராமும் இருக்கலாம், 40 கிராமும் இருக்கலாம். அதை விசாரிக்காம ‘ஊத்தினியா’ன்னு கேட்டது தப்பு. என் வேலையில நானே ரெண்டு பேர் கூலியைப் பிடிச்சிருக்கேன். இப்ப நினைச்சா நல்லா இல்ல.

பேரனோட முதல் கேள்விக்கும் பதில் இதுலயே இருக்கு பாருங்க. தண்ணி ஒரு சேர்மம். எந்த ஆத்துல மொண்டாலும் 1 பங்கு ஹைட்ரஜனுக்கு 8 பங்கு ஆக்சிஜன், எடைக்கணக்கு மாறவே மாறாது. ரப்பர் பால் அப்படியில்ல, மரத்துக்கு மரம் மாறுது. மாறாத சரக்கா இருந்திருந்தா கிராணிக்கு மிதவையே தேவைப்பட்டிருக்காது. கலவைங்கிறதாலதான் உங்க கூலியைப் பிடிச்சாங்க.

கையுறை ஆலைத் தம்பி:

அண்ணே நல்லாச் சொன்னாரு, ஒண்ணு மட்டும் சேர்க்குறேன். ஆசிட் இல்லாமலும் ரப்பரை ஒதுக்கலாம். கையுறைக்குக் கட்டி ரப்பர் ஆகாது, பாலாவே வேணும். அதனால அமோனியா போட்ட பாலை மையவிலக்கு மிஷின்ல வேகமாச் சுத்துவாங்க. கனமான தண்ணி வெளிப்பக்கம் ஒதுங்கும், லேசான ரப்பர் துளி நடுவுல சேரும். 30 சொச்சம் சதவீதமா உள்ள போற பால் 60 சதவீத ரப்பரோட கெட்டியா வெளிய வரும், ஆனா பாலாத்தான் வரும். தயிர் கடைஞ்சா வெண்ணெய் மேல ஒதுங்குது இல்ல, கிட்டத்தட்ட அந்த மாதிரி. அந்தப் பக்கம் கண் எரிச்சல்தான் தாங்காது.

அறிவியல் ஆசிரியை (தாப்பா):

அம்மா, மதிப்பெண் விஷயம் மட்டும் சொல்கிறேன். எதிர்பார்த்த சொல் ‘பெங்கும்பாலான்’, அதாவது உறைய வைத்தல். இது படிவம் 5 வேதியியலில்தான் விரிவாக வரும். படிவம் 1 பிள்ளையிடம் கேட்டது சற்று அதிகம்தான். ‘முதலில் வடிகட்டிக் குப்பையை நீக்க வேண்டும், பிறகு அமிலம் சேர்த்து உறைய வைக்க வேண்டும்’ என்று எழுதியிருந்தால் நான் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன். பேராக் பிள்ளைக்கு இன்னோர் உதாரணமும் சொல்லுங்கள்: கிந்தா ஆற்றுப் பக்கம் துலாங் தட்டில் வெள்ளீயம் அரித்தார்களே, அதுவும் பிரிக்கும் முறைதான். வெள்ளீயத் தாது மணலைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் கனம். தட்டைச் சுழற்றினால் மணல் நீரோடு போய்விடும், தாது தட்டில் தங்கும்.

ஃபார்மிக் அமிலத்தை மட்டும் வீட்டில் தொட விடாதீர்கள், தோலைப் புண்ணாக்கிவிடும். பசும்பாலும் எலுமிச்சையும் போதும். காரணம் ஏறக்குறைய ஒன்றே.

தோசைக்கடைப் பாட்டி (சுங்கை சிப்புட்):

நேத்து கடை அடைச்சதும் செஞ்சு பார்த்தோம். முதல்ல பாலை அப்படியே பழைய வேட்டித் துணியில ஊத்தினான். அத்தனையும் கீழ இறங்கிடுச்சு, துணி வெள்ளையா நனைஞ்சதோட சரி. ‘பாட்டி, இதுதான் என் பெனுராசான்’னு அவனே சிரிச்சுட்டான். அப்புறம் வெதுவெதுப்பாக்கி அரை எலுமிச்சை பிழிஞ்சோம். கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்ல. கரண்டியால ஒரு சுத்து சுத்தினதும் பொடிப்பொடியாத் திரிஞ்சு, ஓரத்துல மஞ்சப் பச்சையா தண்ணி பிரிஞ்சுது. எனக்கு ஒரு நிமிஷம் ஸ்டோர்த் தொட்டி கண்ணு முன்னாடி வந்துடுச்சு. அங்கயும் கட்டியைச் சுத்தி அதே மாதிரி தண்ணி நிக்கும். மறுபடி துணியில ஊத்தினா, கட்டி மேல நிக்குது.

அதைக் கீழ கொட்ட மனசு வரலை. சீனி போட்டுக் கொடுத்தேன், தின்னுட்டான்.

கோலகங்சார் தம்பி, நீங்க எழுதினதை மூணு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். அந்தக் கிராணி ஏமாத்தலைன்னு கேட்டதும் முதல்ல எனக்குப் பிடிக்கலை, உண்மையைச் சொல்றேன். அப்புறம் படுத்துக்கிட்டு யோசிச்சேன். அன்னைக்குக் காலையில ஒன்பது மணி வாக்குல ஒரு தூறல் வந்துச்சு. வேலையை நிறுத்துற அளவுக்கு இல்ல. வேலையை மேய்க்கிற மண்டோரும் ஒண்ணும் சொல்லலை, நாங்களும் வெட்டிக்கிட்டே போயிட்டோம். என் நிரை சரிவுல, மரமெல்லாம் பட்டை கறுத்துப்போன பழைய மரம். தண்ணி தண்டு வழியா ஓடித்தான் வந்திருக்கும். அதை யாரும் கேட்கவும் இல்ல, எனக்குச் சொல்லவும் தெரியலை.

நாளைக்குச் சனிக்கிழமை, மாவு ரெண்டு பங்கு ஆட்டணும். செம்பனை ஆலையில எண்ணெயை எப்படிப் பிரிக்கிறாங்கன்னு பேரன் இப்பவே ஆரம்பிச்சுட்டான். அதுக்குத் தனியா வர்றேன்.