டி ஸ்மெட் அடிகளார்: சமாதானத் தூதரா, நிலப்பறிப்புக்கு வழிவிட்டவரா?

ஆற்றங்கரையான்:
அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழக வளாகத்தில் நின்றிருந்த இயேசு சபைக் குரு பியர் ழான் டி ஸ்மெட்டின் சிலை 2015இல் அகற்றப்பட்டு, அப்பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகத்துக்குள் வைக்கப்பட்டது. அமெரிக்கப் பூர்வகுடியினர் இருவருக்கு மேலாக நின்று அவர் செபிப்பதாக அமைந்த அச்சிலை வெள்ளையர் மேலாதிக்கத்தைப் போற்றுகிறது என்ற ஆட்சேபம் நியாயமானதே. ஆனால் சிற்பியின் பார்வையில் உள்ள குறையை அந்த மனிதரின் வாழ்க்கை மீது ஏற்றுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 1801இல் இன்றைய பெல்ஜியத்தின் டெண்டர்மொண்டேயில் பிறந்த டி ஸ்மெட், ராக்கி மலைப்பகுதிக்கு அழையாத விருந்தாளியாகப் போனவர் அல்லர். பிட்டர்ரூட் பள்ளத்தாக்கில் வாழ்ந்த சாலிஷ் மக்கள், தம்மிடையே வந்து குடியேறிய இரோகுவா வேட்டைக்காரர்களிடமிருந்து ‘கருப்பங்கி’ எனப்பட்ட இயேசு சபைக் குருக்களைப் பற்றிக் கேட்டறிந்து, 1831 முதல் 1839 வரை நான்கு முறை செயின்ட் லூயிசுக்குத் தூது அனுப்பினார்கள். முதல் தூதில் இருவர் அந்நகரிலேயே நோயுற்று இறந்தனர். 1837இல் சென்றவர்கள் வழியில் கொல்லப்பட்டனர். அதற்குப் பிறகும் 1839இல் இருவர் துணிந்து புறப்பட்டார்கள். அந்த அழைப்பை ஏற்றுத்தான் அவர் 1840இல் மலையேறினார். மறு ஆண்டு புனித மரியா மிஷன் என்ற மறைபரப்பு நிலையத்தை நிறுவினார்.

வைகறைச்செல்வி:
அழைத்தார்கள் என்பது உண்மை. எதற்காக அழைத்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், ஐயா. எருமை வேட்டைக்குச் சமவெளிக்கு இறங்கும்போதெல்லாம் பிளாக்ஃபீட் இனத்தவரின் தாக்குதலுக்கு ஆளான சாலிஷ் மக்கள், கருப்பங்கிகளின் செபத்தில் தங்களைக் காக்கும் வலிமை இருப்பதாக நம்பினார்கள். டி ஸ்மெட்டின் மனத்திலோ இயேசு சபையார் பராகுவேயில் அமைத்த குடியிருப்புகள் முன்மாதிரியாக இருந்தன. வேட்டையை விட்டு உழவு, பலதார மணம் ஒழிப்பு, சூதாட்டத் தடை என்று அந்த மக்களின் வாழ்க்கை முறையையே மாற்றுவது அவர் திட்டம். போதாக்குறைக்கு, 1846இல் அவர் பிளாக்ஃபீட் மக்களிடமே சமாதானம் பேசவும் மறைபரப்பவும் சென்றார். தங்களுக்கு மட்டும் உரியது என்று எண்ணிய காப்பு எதிரிக்கும் போகிறதே என்று சாலிஷ் மக்கள் மனம் கசந்தார்கள். 1850இல் அந்த மிஷன் 250 டாலருக்கு ஒரு வணிகருக்கு விற்கப்பட்டது. அதற்குள் டி ஸ்மெட் செயின்ட் லூயிசில் நிதிப்பொறுப்பில் அமர்த்தப்பட்டிருந்தார். கசப்பின் பலனை மிஷனிலேயே இருந்த குருக்கள் அனுபவித்தார்கள்.

என் முதன்மையான குற்றச்சாட்டு வேறு. 1851இல் ஹார்ஸ் கிரீக்கில் ஏறத்தாழ 10,000 பூர்வகுடியினர் கூடிய, அமெரிக்க அரசுடனான ஒப்பந்தப் பேச்சில் அவர் வெறும் பார்வையாளராக இருக்கவில்லை. ஒவ்வோர் இனத்துக்கும் எல்லை வகுத்த வரைபடத்தை வரைந்தவர் அவர். ஆண்டுக்கு 50,000 டாலர் வீதம் 50 ஆண்டுகளுக்குத் தருவதாக அரசு அங்கே சொன்னதை, பிறகு செனட் 10 ஆண்டுகளாகக் குறைத்தது. அரசின் சொல்லை நம்பாதவர்கள் கருப்பங்கியின் முகத்தை நம்பினார்கள். அந்த நம்பிக்கையை அரசு நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது.

புதுவழுதி:
இருவரும் 1868ஐத் தொடவில்லையே. 67 வயதில், உடல்நலம் குன்றிய நிலையில், டி ஸ்மெட் அமெரிக்க அரசின் சமாதான ஒப்பந்த அழைப்போடு, ஒரு சிறு குழுவுடன் பவுடர் ஆற்றை நோக்கிப் பயணம் செய்து, லகோட்டா தலைவர் சிட்டிங் புல் இருந்த, லகோட்டா மக்களில் ஒரு பிரிவினரான ஹங்க்பாப்பாக்களின் முகாமை அடைந்தார். மரியாவின் உருவமும் பொன்னிற விண்மீன்களும் தீட்டிய அவருடைய கொடியைத் தொலைவிலிருந்து கண்டவர்கள், அதை அமெரிக்க அரசின் கொடி என்றே முதலில் எண்ணினார்கள். வந்தவர் யார் என்று தெரிந்ததும் சிட்டிங் புல் அவரைத் தம் கூடாரத்திலேயே தங்கவைத்துக் காவலும் அமர்த்தினார். மறுநாள் அவையில் சமாதானத்தை வரவேற்ற அதே சிட்டிங் புல், தம் நிலத்தில் எதையும் விற்கப்போவதில்லை, மிசூரிக் கரை மரங்களை வெட்டக்கூடாது, படையினரின் கோட்டைகள் அகல வேண்டும் என்றும் திட்டவட்டமாகக் கூறினார். ஒப்பந்தத்தில் கையெழுத்திட அவர் போகவில்லை. கால் (Gall) என்ற தலைவர் உள்ளிட்ட சிலரே ரைஸ் கோட்டைக்குச் சென்று ஒப்பமிட்டனர்.

ஆற்றங்கரையான்:
நண்பர் புதுவழுதி விவரித்த அந்த வரவேற்பு ஏன் கிடைத்தது என்பதே என் வாதத்தின் உயிர்நாடி. 1864இல் அமெரிக்கத் தளபதி சல்லி லகோட்டா மக்கள் மீது தண்டனைப் படையெடுப்புக்கு ஆயத்தமானபோது, படையின் நிழலில் சமாதானம் பேச மறுத்து டி ஸ்மெட் திரும்பிவிட்டார். அரசின் கைப்பாவையாக இருந்தவர் அவ்வாறு செய்திருக்க மாட்டார். மேலும், 1868 ஒப்பந்தத்தின் பன்னிரண்டாம் பிரிவு, வயதுவந்த ஆண்களில் நான்கில் மூன்று பங்கினர் ஒப்பமிடாமல் நிலத்தை எடுக்கக்கூடாது என்கிறது. அவ்வொப்பந்தப்படி லகோட்டா மக்களுக்கு உரிய கறுப்பு மலைகளில் (Black Hills) தங்கம் கண்டறியப்பட்ட பிறகு 1877இல் அந்தப் பிரிவை மிதித்துத்தான் நிலம் பறிக்கப்பட்டது. 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அப்பறிப்புக்கு இழப்பீடு வழங்க வேண்டும் எனத் தீர்ப்பளித்தபோது, அதற்கு அடித்தளமாக இருந்ததும் இதே ஒப்பந்தம்தான். 1873இல் இறந்துவிட்ட ஒருவரை 1877க்குப் பொறுப்பாக்குவது முறையாகாது.

வைகறைச்செல்வி:
1877க்கு அவரைப் பொறுப்பாக்கவில்லை. ஆனால் 1851இல் சொன்ன வாக்கைச் செனட் வெட்டிக் குறைத்ததை அறிந்திருந்தும், 1868இல் மீண்டும் அதே அரசின் வாக்கைச் சுமந்து சென்றாரே, அதற்கு அவர் பொறுப்பில்லையா? நல்லெண்ணம் உடையவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. 1864இல் அவர் எடுத்த முடிவையும் மதிக்கிறேன். 1823இல் அவர் உள்ளிட்ட இளம் இயேசு சபையார் மேரிலாந்திலிருந்து மிசூரிக்கு வந்தபோது அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்கர்களும் கூடவே அழைத்துவரப்பட்டார்கள் என்பதையும் அவருடைய வரலாற்றில் விடாமல் எழுத வேண்டும் என்பேன்.

நீங்கள் சுட்டிய 1980 தீர்ப்பில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. லகோட்டா மக்கள் அந்த இழப்பீட்டுப் பணத்தை இன்றுவரை வாங்க மறுத்து, கறுப்பு மலைகளையே திருப்பிக் கேட்கிறார்கள். நிலம் விற்பனைக்கு இல்லை என்பதைச் சிட்டிங் புல் 1868இல் டி ஸ்மெட்டிடம் நேரிலேயே சொல்லிவிட்டார். அதைக் கேட்டுத் திரும்பியவர், சமாதானம் கைகூடிவிட்டது என்ற செய்தியை அல்ல, அந்த மறுப்பைத்தான் முதலில் அரசின் முன் வைத்திருக்க வேண்டும்.