மூன்று ஹார்ட் என்று காதில் விழுந்தும் எண்ணத் தவறினேன்

பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் நான்கு ஸ்பேடு (ஸ்பேடைத் துருப்பாக்கி 13 டிரிக்கில், அதாவது பிடியில், 10 எடுப்பதாக) கேட்டு ஆடிக்கொண்டிருந்தேன். என் கையில் துருப்பு ஏஸ், 10, 9, 8, 3. டம்மியில் (எதிரே விரித்து வைத்த கூட்டாளியின் கையில்) ராஜா, ஜாக்கி, 6, 4. மற்ற இனங்களில் மூன்று டிரிக் போவது உறுதி. துருப்பில் ஒன்றுகூடப் போகக் கூடாது.

டம்மியின் ராஜாவை இறக்கினேன். இருபுறமும் சிறு சீட்டு விழுந்தது. அடுத்து டம்மியின் ஜாக்கி. வலப்பக்கத்தவர் 7 போட்டார். ஏஸைப் போட்டு ராணியை விழவைப்பதா, ராணி வலப்பக்கம் இருக்கும் என்று நம்பி ஜாக்கியை ஓடவிடுவதா (இதுதான் ஃபினெஸ்)?

எட்டுத் துருப்பு என்றால் ஃபினெஸ், ஒன்பது என்றால் மேலிருந்து இறக்கு என்றுதான் எல்லோரும் கற்கிறோம். வெளியே உள்ள நான்கு சீட்டு 2-2 ஆகப் பிரிய 40.7 சதவீதம், 3-1 ஆகப் பிரிய 49.7. ஆனால் இதுவரை விழுந்த சீட்டுகளால் 3-1 பிரிவுகளில் பல நீங்கிவிட்டன; ஆட்டம் இவ்வளவு தூரம் வந்தபின் ஏஸ்தான் நூலிழை மேல். போட்டேன். இடப்பக்கத்தவர் ஒரு ஹார்ட்டைத் தள்ளினார். ஒரு டிரிக்கில் ஆட்டம் போயிற்று.

மூன்று ஹார்ட் என்று ஏலத்தைத் தொடங்கியவரே அந்த இடப்பக்கத்தவர்தான்! அப்படித் தொடங்குபவரிடம் வழக்கமாக ஏழு ஹார்ட் இருக்கும். ஏழு அவரிடம், ஐந்து எங்களிடம், வலப்பக்கம் ஒன்றே ஒன்று. ஆளுக்கு 13 சீட்டில் ஹார்ட்டைக் கழித்தால் மற்ற இனங்களுக்கு இடப்பக்கம் 6 இடம், வலப்பக்கம் 12. விழுந்த சிறு துருப்புகளையும் கழித்தால் 5-க்கு 10. ராணி வலப்பக்கம் இருக்க இரண்டுக்கு ஒன்று வாய்ப்பு. நான் சொன்ன சதவீதமெல்லாம் ஏலத்தில் யாரும் வாய் திறக்காதபோது பொருந்துவது. இன்னும் மனம் ஆறவில்லை. உங்களுக்கு இப்படி நேர்ந்திருக்கிறதா?

பதில் 1

எனக்குக் கைகொடுத்தது ஒரு பாஸ் (ஏலத்தில் எதுவும் கேட்காமல் விடுவது). துருப்பில் பத்துச் சீட்டு, ராஜா மட்டும் இல்லை. கணக்குப்படி ஃபினெஸ்தான். ஆனால் இடப்பக்கத்தவர்தான் சீட்டைப் பங்கிட்டவர், ஏலத்தில் முதலில் பேசுபவர். முதல் வாய்ப்பிலேயே பாஸ் சொன்னவர். அதற்குள் ஸ்பேடில் ஏஸ், ராஜா, கிளாவரில் ராணி, ஜாக்கி என்று 10 புள்ளியைக் (ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக்கி 1) காட்டிவிட்டார். துருப்பு ராஜாவும் இருந்தால் 13. அதை வைத்துக்கொண்டு பாஸ் சொல்லியிருக்க மாட்டார். ஏஸை இறக்கினேன். வலப்பக்கத்திலிருந்து தனி ராஜா விழுந்தது. அந்த ஒரு சீட்டை இன்றும் நினைத்து மகிழ்கிறேன்.

பதில் 2

இரண்டையும் ரசித்துப் படித்தேன். ஒன்று மட்டும் சேர்க்க வேண்டும்: யார் எந்த இடத்திலிருந்து கேட்டார் என்பதையும் பாருங்கள். முதல் இருவர் பாஸ் சொன்னபின் மூன்றாவது இடத்தில் தொடங்குபவர் 10 புள்ளியிலும் துணிவார். அப்படித் தொடங்கியவரிடம் முழு 12 புள்ளி இருக்கும் என்று நம்பி, மிஞ்சிய ராஜாவை அவர் கையில் வைத்து ஆடினேன். அது அவருடைய கூட்டாளியிடம் இருந்தது. அங்கே சாதாரண ஃபினெஸே போதுமாக இருந்தது.