மொழிபெயர்ப்பு விழாவுக்குப் போவது வீண் அலைச்சலா?

ஓரக்குறிப்பு:
உலக இலக்கிய விழா ஒன்றில் இரண்டு நாள் உட்கார்ந்துவிட்டு வந்தேன். எந்த அமர்வுக்குப் போனாலும் "மொழிபெயர்ப்பில் எது தொலைகிறது?" என்ற அதே கேள்வி. எழுத்தாளருக்கு நடு நாற்காலி, மொழிபெயர்ப்பாளருக்கு ஓர நாற்காலி. அந்த நேரத்தில் இரண்டு நாவல் முடித்திருக்கலாம்.

நடைவண்டி:
பெரிய மேடைப் பக்கம் போனால் அப்படித்தான். சின்ன அறைகளில் மொழிபெயர்ப்புப் போட்டி நடக்கும், பார்த்தீர்களா? ஒரே பத்தியை இரண்டு பேர் தனித்தனியாக மொழிபெயர்த்து வந்து, எல்லார் முன்னாலும் வரிவரியாக மல்லுக்கட்டுவார்கள். நான் போன அன்று ஆங்கில 'வீ' ஒன்றுக்கே கால் மணி நேரம் ஓடியது. ஒருவர் 'நாம்' என்று போட்டிருந்தார், மற்றவர் 'நாங்கள்'. கதைசொல்லி எதிரில் இருப்பவனைச் சேர்த்துக்கொள்கிறானா, விலக்கிவைக்கிறானா? ஆங்கிலம் வாய் திறக்காது. தமிழில் சொல்லாமல் தப்பிக்க வழியே இல்லை.

ஓரக்குறிப்பு:
சரி, அருமையான உதாரணம். அதை ஒரு கட்டுரையில் படித்தால் ஆகாதா?

நடைவண்டி:
கட்டுரையில் முடிவுதான் இருக்கும். இங்கே 'நாங்கள்' போட்டவர் பேசிக்கொண்டிருக்கும்போதே தடுமாறி, அதை அடித்துவிட்டு 'நாம்' என்று எழுதினார். அடுத்த வரியில் மறுபடி மாற்றினார்!

பழைய_பைண்டு:
நாற்காலி விஷயத்தில் நான் ஓரக்குறிப்பு பக்கம். ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்ட நூலுக்குத் தரும் சர்வதேச புக்கர் பரிசு 2016 முதல் 50,000 பவுண்டை எழுத்தாளருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சரிபாதியாகப் பிரிக்கிறது. 2025-இல் கன்னடத்துக்குக் கிடைத்தபோது எழுத்தாளர் பானு முஷ்தாக்கும் மொழிபெயர்ப்பாளர் தீபா பாஸ்தியும் பகிர்ந்துகொண்டார்கள். அதே பரிசை 2018-இல் போலந்து எழுத்தாளர் ஓல்கா தோகார்ச்சுக்குடன் பெற்ற மொழிபெயர்ப்பாளர் ஜெனிபர் கிராஃப்ட், அட்டையில் தன் பெயர் இல்லாமல் இனி மொழிபெயர்க்கப் போவதில்லை என்று 2021-இல் அறிவிக்க வேண்டியிருந்தது. காசில் பாதி, பெயரில் பூஜ்யம்.

ஓரக்குறிப்பு:
எனக்கு அதைவிடப் பெரிய குறை இன்னொன்று. பிரெஞ்சு நாவல் ஆங்கிலம் வழியாகத்தானே பல நேரம் தமிழுக்கு வருகிறது? பிரெஞ்சில் 'து' வேறு, 'வூ' வேறு. நம் நீ, நீங்கள் மாதிரியேதான். நடுவில் ஆங்கில 'யூ' இரண்டையும் கரைத்துவிடும். அப்புறம் தமிழில் காதலர்கள் எந்தப் பக்கத்தில் 'நீ'க்கு மாறினார்கள் என்பது வெறும் குத்துமதிப்பு. விழாவில் இதைப் பேச ஆள் இல்லை.

நடைவண்டி:
கேள்வி நேரத்தில் நீங்களே கேட்டிருக்கலாமே?

ஓரக்குறிப்பு:
கையைத் தூக்கினேன். நெறியாளர் மணியைப் பார்த்துவிட்டு, கையெழுத்து வரிசைக்கு எழுந்து போகச் சொன்னார்.